ஆறாம் மாதக் கடைசியும் ஏழாம் மாதமும்: 22 முதல் 28 வாரம் வரை எதை எந்த வரிசையில் செய்வது

கர்ப்பத்தில் ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து, "எல்லாம் நல்லா இருக்கு" என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. வாந்தி நின்றிருக்கும், பசி எடுக்கும், வயிறு தெரியும், ஆனால் இன்னும் மூச்சு வாங்காது. இந்த நிம்மதியில்தான் செக்கப்பைத் தவற விடுகிறோம்.

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். அப்புறம் தங்கையையும் நாத்தனாரையும் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதாமாதம் கூட்டிப் போனேன். மூன்று பேருமே தடுக்கியது இந்த ஆறு வாரத்தில்தான். உடம்பு நன்றாக இருந்ததால் தள்ளிப் போட்டோம். தள்ளிப் போட்டதெல்லாம் அந்தந்த வாரத்திலேயே செய்தால்தான் பலன் என்பது பிறகுதான் தெரிந்தது. கீழே உள்ள வரிசை அப்படிக் கற்றுக்கொண்டது. நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. முதலில் வாரக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

நம் வீடுகளில் மாதக் கணக்கு, ஆஸ்பத்திரியில் வாரக் கணக்கு. "ஆறு மாசம்" என்று ஒருத்தி சொன்னால், ஆறு முடிந்ததா, ஆறு நடக்கிறதா என்பது அவள் மாமியாருக்கே தெரியாது. பரிசோதனைகள் எல்லாம் வாரத்தை வைத்துத்தான் என்பதால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். உதாரணமாக ஜனவரி 10 என்றால், 24 வாரம் முடிவது ஜூன் 27, 28 வாரம் முடிவது ஜூலை 25, பிரசவத் தேதி அக்டோபர் 17. (லீப் ஆண்டாக இருந்தால் ஒரு நாள் முன்னே.) மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு முதல் ஸ்கேனில் போட்ட தேதிதான் கணக்கு. பின்னால் எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனிலும் தேதி கொஞ்சம் மாறி வரும், அதைப் பார்த்துக் கணக்கை மாற்றாதீர்கள்.

24, 28 இரண்டு தேதிகளையும் வீட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். என் தங்கைக்கு அந்த நான்கு வாரத்தின் கடைசி ஆடியில் விழுந்தது. "ஆடி போகட்டும்" என்றார்கள் வீட்டில். நல்ல காரியத்துக்குத்தான் ஆடி ஆகாது, ரத்தம் எடுக்க ஆகும்.

2. கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை

தாய்சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் எண்), ஆதார், இதுவரை எடுத்த எல்லா ஸ்கேன் தாளும். பிக்மி எண்ணை அட்டையில் மட்டும் வைத்திருக்காமல் கணவர் போனிலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்குப் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும், அந்தப் பெயர் ஆதாரில் இருப்பது போலவே இருக்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. ஆதாரில் அப்பா பெயர், பாஸ்புக்கில் கணவர் பெயர் என்று இருந்ததால் பணம் மாட்டிக்கொண்ட கதை எங்கள் தெருவிலேயே மூன்று. இப்போது திருத்துங்கள். ஒன்பதாம் மாதத்தில் பேங்க் வரிசையில் நிற்க முடியாது.

கர்ப்பிணிகளுக்கான நாள் பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை. மாதம் 9-ஆம் தேதி டாக்டர் பார்க்கும் இலவச முகாமும் உண்டு. கிளம்பும் முன் உங்கள் ஊர் நர்சம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

3. சர்க்கரைப் பரிசோதனை: 24-க்கும் 28-க்கும் நடுவில்

இந்தக் காலத்தின் பெரிய வேலை இதுதான். ஆரம்பத்தில் ஒரு முறை எடுத்து நார்மல் என்று வந்திருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும். நஞ்சு (நஞ்சுக்கொடி) வளர வளர, அதிலிருந்து சுரப்பவை இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அந்தத் தடை இந்த வாரங்களில்தான் ஏறத் தொடங்கும். பத்தாம் வாரத்து நார்மல் இன்றைக்குச் செல்லாது.

செய்முறை எளிது. 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

எளிது என்றாலும் சொதப்புவது இங்கேதான். நாத்தனாரை அழைத்துப் போன நாளில் காலை 9 மணிக்குக் குடித்தாள். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மருந்துச் சீட்டு வாங்க வரிசைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். வாசல் கடையில் நின்றுகொண்டு இரண்டாவது இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டிருந்தாள். "பசிக்குது அண்ணி, தண்ணிதான குடிச்சேன்" என்றாள். அன்றைக்கு எடுத்ததைக் கணக்கில் சேர்க்காமல், மறு செவ்வாய் திரும்ப வரச் சொன்னார்கள். ஒரு நாள் கூலி போச்சு.

என் தப்பு அதைவிட மோசம். முதல் பிள்ளைக்குக் குடித்த கால் மணி நேரத்தில் கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். திரும்பக் குடிக்கச் சொல்வார்களே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ரிசல்ட் நார்மல். எட்டாம் மாதம் சர்க்கரை 180-ஐத் தாண்டியபோதுதான் உண்மையைச் சொன்னேன். குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் அந்தப் பரிசோதனை செல்லாது, இன்னொரு நாள் எடுக்க வேண்டும். சொல்லிவிடுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை.

ஆகவே: முந்தைய நாள் எப்போதும் போலச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் தேவையில்லை. மெதுவாக, மடக்கு மடக்காகக் குடியுங்கள். ஒரே மடக்கில் குடித்தால்தான் குமட்டும். எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டிருங்கள். இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருங்கள், கொஞ்சம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். குடித்து முடித்த நேரத்தை நீங்களே குறித்து வையுங்கள், ஏனென்றால் கூட்டத்தில் நர்சுக்கு நாற்பது பேர்.

140-க்கு மேல் வந்தால் உடனே ஊசி என்று பயப்பட வேண்டாம். முதலில் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றச் சொல்வார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே நின்றால் அதையே தொடரலாம், இல்லாவிட்டால்தான் மருந்து.

களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை. ராகி சோற்றைவிட மெதுவாக ஏற்றும், அவ்வளவுதான். இரண்டு பெரிய உருண்டை விழுங்கினால் அதுவும் ஏற்றும். மாம்பழ சீசனில் ஏழாம் மாதம் வந்தால் கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்கு இன்னும் சோதனை. அரைப் பழம், சாப்பாட்டோடு சேர்க்காமல் நடுவில், ஜூஸாக்காமல். அதற்கு மேல் கேட்டால் டாக்டரைக் கேளுங்கள்.

4. ரத்த அளவும் மாத்திரை நேரமும்

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி வேகமாகக் கூடும், சிவப்பணு அதே வேகத்தில் கூடாது. அதனால் இந்த வாரங்களில் ஹீமோகுளோபின் தானாகவே கொஞ்சம் இறங்கும். போன முறை 11 இருந்ததே என்று மாத்திரையை நிறுத்தினால் 9-க்குப் போய் நிற்கும். 7-க்குக் கீழே போனால் ஆபத்து, படுக்கையில் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும் அன்றே இதையும் எடுத்துவிடுங்கள், ஒரே நடை.

அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மி.கி. இரும்பு. தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். ரத்தம் குறைவாக இருந்தால் இரண்டு தருவார்கள், அல்லது இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றுவார்கள். கால்சியம் 500 மி.கி. தினம் இரண்டு.

இரண்டையும் ஒரே வாயில் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கால்சியம் இரும்பை உள்ளே விடாது. டீயும் விடாது, பாலும் விடாது. ராகியே 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் உள்ள தானியம், அதனால் களியோடும் இரும்பு மாத்திரை வேண்டாம்.

எங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட நேரம் இது: காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொன்று. இரவு 7 மணிக்குச் சாப்பாடு, 9 மணிக்கு எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீரோடு இரும்பு. நெல்லிக்காய், கொய்யா கூட நல்லது. புளிப்பு இரும்பை உள்ளே இழுக்கும். குமட்டலும் தூக்கத்தில் தெரியாமல் போகும்.

மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம். மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் தண்ணீரையும் கீரையையும் கூட்டுங்கள். "இரும்பு மாத்திரை போட்டா புள்ள கறுப்பாப் பொறக்கும்" என்று சொல்லும் ஆயா எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு. நிறம் அம்மா அப்பாவிடமிருந்து வருவது, மாத்திரையிலிருந்து இல்லை.

இரண்டாவது மூன்று மாதத்தில் (நான்கு முதல் ஆறு) ஒரு முறை பூச்சி மாத்திரையும் தருவார்கள். வாங்கி விழுங்குங்கள். குடலில் கொக்கிப்புழு இருந்தால் எவ்வளவு இரும்பு தின்றாலும் உடம்பில் ரத்தம் தங்காது.

5. தண்ணீரும் சாப்பாடும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. நம் போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் காவி படிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், உங்களுக்கே தெரியும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வையுங்கள். போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடத்துக்கு மூடி போடுங்கள், அது வேறு.

"ரொம்பச் சாப்பிட்டா புள்ள பெருசாயி ஆபரேஷன் ஆயிடும்" என்று தட்டைப் பாதியில் எடுப்பது இந்த மாதத்தில்தான் தொடங்குகிறது. குழந்தை 24 வாரத்தில் ஏறக்குறைய 600 கிராம், 28-ல் ஒரு கிலோ. நான்கு வாரத்தில் எடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிற நேரத்தில் சோற்றைக் குறைப்பது பெரிய தப்பு. ஒரு வேளை சின்னச் சாப்பாடு கூடுதலாக வேண்டும்: முட்டை ஒன்று, கைப்பிடி வேர்க்கடலை, வேகவைத்த பச்சைப்பயறு அல்லது மொச்சை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை மாட்டுக்குக் கலக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். மாடு பிழைத்துக்கொள்ளும், நீங்கள் சாப்பிடுங்கள்.

வாரத்துக்கு 350 முதல் 450 கிராம் வரை உங்கள் எடை கூடினால் சரி. ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாடாக இருக்காது, நீர் கோத்ததாக இருக்கலாம். பிரஷரைப் பாருங்கள்.

6. அசைவைக் கவனிக்கப் பழகுங்கள்

தலைச்சன் பிள்ளை என்றால் 18 முதல் 20 வாரத்தில் முதல் அசைவு தெரியும், அடுத்ததற்கு இன்னும் முன்பே. முதலில் வயிற்றுக்குள் மீன் துள்ளியது போல இருக்கும். 26-க்கு மேல் கையை வைத்தவர்களுக்கும் தெரியும். சத்தம் கேட்கும் வயதும் இதுதான்; கூரையில் தேங்காய் விழுந்தால் உள்ளே ஒரு தூக்கிப் போடும்.

24 வாரம் முடிந்தும் அசைவே தெரியவில்லை என்றால் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள். நஞ்சு முன்பக்கம் இருந்தால் மெதுவாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர்.

28 வரை அசைவுக்கு நேரம் காலம் இருக்காது, காலையில் குதித்தது மாலையில் தூங்கும். ஒழுங்காக எண்ணத் தொடங்குவது 28-லிருந்து. சாப்பிட்ட பிறகு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கை வைத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். சீரியல் பார்த்துக்கொண்டே எண்ணினால் தவறும். எண்ணிக்கை குறைந்தால், அல்லது எந்த வாரமானாலும் வழக்கமாக அசைகிற பிள்ளை ஒரு நாள் அமைதியாகிவிட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

வலது பக்கம் அசைந்தால் ஆண், இடது என்றால் பெண் என்று பேச்சு வரும். பேச்சோடு போனால் சரி. ஆனால் நம் பகுதியில் அது "தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், சொல்லிடுவார்" என்று போய் முடியும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்பவருக்கு மட்டுமல்ல, கேட்டுப் போகும் குடும்பத்தாருக்கும் 3 ஆண்டு வரை சிறை. அதைவிட, இந்த வாரத்தில் எங்கோ ஓர் அறையில் கலைக்கப் போனவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. யார் வற்புறுத்தினாலும் நர்சம்மாவிடம் சொல்லுங்கள்.

7. உடம்பில் வருபவை

இவை பெரும்பாலும் சாதாரணம்: எழும்போது அடிவயிற்றுப் பக்கவாட்டில் சுருக்கென்று இழுப்பது, இரவில் கெண்டைக்கால் பிடிப்பது, நெஞ்செரிச்சல், தொப்புளுக்குக் கீழே கறுப்புக் கோடு, ஈறில் ரத்தம், மாலையில் மட்டும் பாதம் வீங்கிக் காலையில் வடிவது. சிலருக்கு மார்பில் மஞ்சளாக ஒரு சொட்டு சீம்பால் கசியும். துடைத்துவிடுங்கள், பிதுக்க வேண்டாம்.

கால் பிடித்தால் பாதத்தை உங்களை நோக்கி மடக்குங்கள், உடனே விடும். நெஞ்செரிச்சலுக்குப் புளிக்குழம்பை இரவில் விட்டுப் பாருங்கள். புளி விளையும் ஊரில் இது கஷ்டம்தான்.

வயிறு சில நொடி கல்லாகி விடும். ஒழுங்கில்லாமல் வந்து, தண்ணீர் குடித்துப் படுத்தால் போய்விட்டால் அது பொய் வலி.

8. உடனே கிளம்ப வேண்டியவை

இதில் யோசனையே வேண்டாம், 108 தான். எந்த அளவுக்கானாலும் ரத்தப் போக்கு. அடக்க முடியாமல் தண்ணீர் கசிவது. ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முறை ஒழுங்காக வரும் இறுக்கம், கூடவே இடுப்பு வலி. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, முகமும் விரலும் வீங்குவது. பிரஷர் 140/90-ஐத் தொட்டால் தலைவலியே இல்லாவிட்டாலும் போக வேண்டும். காய்ச்சல், சிறுநீரில் எரிச்சல் என்றால் அன்றே டாக்டர். சிறுநீர்த் தொற்று குறைமாத வலியைக் கிளப்பிவிடும்.

குறைமாத வலி என்றால் பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடம் வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஓர் ஊசி போடுவார்கள். அது முழுதாக வேலை செய்ய ஒரு நாளாவது ஆகும், அந்த நேரத்துக்காகத்தான் ஓட்டம்.

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்தவர்கள் இப்போதே இரண்டு வேலை முடித்து வையுங்கள்: வீட்டில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று பார்ப்பது, 108 வர நேரமானால் வண்டி எடுக்க ஒரு ஆளிடம் சொல்லி வைப்பது. மலைப் பகுதிகளில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் அறை எங்கே இருக்கிறது என்றும் நர்சம்மாவைக் கேளுங்கள்.

9. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும் முன்

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தால், கையோடு பெண்ணை அனுப்பிவிடுவார்கள். புகுந்த வீட்டு நர்சம்மாவுக்குத் தெரியாது, பிறந்த வீட்டு நர்சம்மாவுக்கும் தெரியாது. நடுவில் ஒரு மாதம் காணாமல் போகும். கிளம்பும் முன் இவரிடம் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்த வாரமே அவரிடம் அட்டையைக் காட்டுங்கள். மாத்திரை ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு போங்கள்.

பெங்களூரில் வேலை பார்த்து அங்கே தாயி கார்டு (கர்நாடகத்தின் தாய்சேய் அட்டை) போட்டவர்கள் இங்கே பிரசவம் என்றால், அந்தக் கார்டோடு வந்து இங்கும் பதிய வேண்டும். ஒன்பதாம் மாதம் வலியோடு வந்து இறங்கினால் பதிவுக்கே இரண்டு பேர் ஓட வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் போவதென்றால் கடைசி சீட் வேண்டாம், நடுவில் உட்காருங்கள். காரில் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, தொடை மேல் படும்படி போடுங்கள்.

10. 28-ஆம் வாரம்

நெகட்டிவ் ரத்த வகை உள்ளவர்கள், கணவர் பாசிட்டிவ் என்றால், இந்த வாரத்தில் ஆன்டி-டி ஊசி (தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் இருக்கப் போடுவது) பற்றிக் கேளுங்கள். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கைவசம் இருக்காது, அதனால் 26-லேயே கேட்டால் எங்கே போட வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். ரணஜன்னியைத் தடுக்கும் டிடி (Td) ஊசி இரண்டும் போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். ஒன்று விட்டிருந்தால் அன்றைக்கே கையை நீட்டுங்கள்.

அடுத்த ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வரும் வழியில் இட்லி சாப்பிடலாம், இனி தடையில்லை.